ஆறு முதல் ஏழு வரை

மார்ச் 24, ஞாயிறு

துணி துவைத்தேன். மெஷின் பாதிதான் நிறைந்தது. முன்பெல்லாம் ஆரணியின் ஓட்ட உடைகளுக்கென்றே தனியாக ஒரு சுற்று ஓடும். பால்கனிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். தரை துடைத்தேன்.

மதியம் அவளுடைய போனில் ஒரு நினைவூட்டல் வந்தது. "அன்புள்ள ஆரணி குணரட்ணம், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான உங்கள் இருப்பிட விவரம் இன்னும் பதிவாகவில்லை." ஊக்கமருந்துச் சோதனை அலுவலகத்திலிருந்து.

ஆரணி பிப்ரவரியில் இறந்துவிட்டாள். பயிற்சி முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள், சிக்னலில் வலப்புறம் திரும்பிய லாரிக்காரருக்கு அவள் கண்ணாடியில் தெரியவில்லை. எங்கள் டோர்ட்முண்ட் நகரப் பத்திரிகையில் படத்தோடு போட்டிருந்தார்கள், ஜெர்மன் தொடர் ஓட்ட அணி வீராங்கனை என்று. தடகளச் சம்மேளனம் மலர்வளையம் அனுப்பியது. ஆனால் சோதனை அலுவலகம் வேறு, சம்மேளனம் வேறு. கிளப் சொல்லியிருக்கும் என்று சம்மேளனம் நினைத்திருக்கும். சம்மேளனம் சொல்லியிருக்கும் என்று கிளப் நினைத்திருக்கும்.

நான் சொல்லியிருக்கலாம். போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 28, வியாழன்

பதிவு செய்துவிட்டேன். கடைசி நாள் நெருங்கிவிட்டது, அதனால்.

இது எப்போதும் என் வேலைதான். தேசிய அணியில் இருக்கும் ஓட்டக்காரர்கள் ஒவ்வொரு நாளும் எங்கே தூங்குகிறார்கள், எங்கே பயிற்சி எடுக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே சோதனை அலுவலகத்தின் போன் ஆப்பில் சொல்ல வேண்டும். அதோடு தினமும் ஒரு மணி நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் சோதனைக்காரர் முன்னறிவிப்பில்லாமல் வந்து மணியடிப்பார், ஆள் இருந்தாக வேண்டும். எல்லோரையும் போல நாங்களும் காலை ஆறு முதல் ஏழு வரை என்று கொடுத்திருந்தோம். எப்படியும் படுக்கையில்தானே கிடக்கப் போகிறாள்.

ஆரணிக்கு இதெல்லாம் அலுப்பு. "உங்களுக்குத்தானே மெஷினோட கதைக்க விருப்பம், நீங்களே நிரப்புங்கோ" என்று போனை என் மடியில் போட்டுவிடுவாள். அவள் ஹாம் நகரத்தில் பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரி. தமிழ் மட்டும் அம்மாவின் யாழ்ப்பாணத்திலிருந்து.

ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவை ஆள் இல்லையென்றால் இரண்டு வருஷத் தடை. பெயரை இணையத்தில் மருந்து தின்று மாட்டியவர்களோடு சேர்த்துப் போடுவார்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது. ஒன்று, வாசல் மணி வேலை செய்யாமல் போன நாள். இன்னொன்று, அம்மா வீட்டில் தூங்கிவிட்டு எனக்குச் சொல்ல மறந்த நாள். அதற்குப் பிறகு மணியைக் கழற்றி நானே புதிதாக வயரிங் செய்தேன்.

இந்த விஷயம் வெளியில் யாருக்கும் தெரியாது: காலையில் ஏழு மணி ஆகும்வரை அவள் பாத்ரூம் போக மாட்டாள். சோதனைக்காரர் வந்து, கொடுக்கச் சிறுநீர் இல்லையென்றால் அவர் போகவும் மாட்டார், விடவும் மாட்டார். குளிரில் காலைப் பின்னிக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். "சிரிக்க வைக்காதேங்கோ" என்று என்னை அடிப்பாள்.

பதிவாகிவிட்டது என்று பச்சை அடையாளம் வந்தது.

ஏப்ரல் 3, புதன்

தொழிற்சாலை. காற்றாலைப் பல்சக்கரப் பெட்டிகளின் அதிர்வை அளந்து, எந்த பேரிங் எப்போது உடையும் என்று சொல்வது என் வேலை. இன்று மூன்று பெட்டிகள். மூன்றும் ஓடும்.

மேலாளர் வந்து, இன்னும் விடுப்பு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்றேன். "வீட்டில் எப்படி இருக்கிறது?" என்றார். "வழக்கம்போல" என்றேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

தேனியிலிருந்து அம்மா பேசினாள்.

"ஏய்யா பாண்டி, ஒத்தையில அங்கன கெடந்து என்னய்யா பண்ணப் போற? லீவப் போட்டு ரெண்டு மாசம் இங்க வாய்யா."

"வேலை இருக்கும்மா."

"என்ன பொல்லாத வேல. ஊரு பேர வச்ச பிள்ளன்னு நான் கேலி பண்ணுனேன் அவள. அவளும் சிரிச்சுக்கிட்டே, ஆரணி பட்டு வாங்கிக் குடுங்க அத்தைன்னு கேட்டா. கடைசி வரைக்கும் நான் வாங்கித் தரல பாரு."

"பட்டெல்லாம் அவ கட்ட மாட்டாம்மா."

"கட்ட மாட்டா," என்றாள் அம்மா. "கட்டுவான்னு நெனச்சேன்."

அவள் சொன்னதைப் பிறகுதான் கவனித்தேன். நானும் 'மாட்டா' என்றுதான் சொல்லியிருந்தேன், இருக்கிறவளைப் பற்றிச் சொல்வதுபோல.

ஏப்ரல் 12, வெள்ளி

ஏப்ரலில் அணி போர்ச்சுகலுக்குப் பயிற்சி முகாம் போகும். வருஷா வருஷம் அதே கடற்கரை, அதே ஓட்டல். ஆப்பில் ஆரணி மட்டும் டோர்ட்முண்டில் இருந்தால் பொருந்தாது. மாற்றினேன். ஓட்டல் முகவரி போன வருஷப் பதிவிலேயே இருந்தது. அறை எண்ணுக்கு 'வரவேற்பில் கேட்கவும்' என்று போட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. மாமி ஹாமிலிருந்து பேசினார். ஆரணியின் அம்மா. எங்கள் பக்கத்தில் மாமி என்றால் வேறு ஆட்கள், அத்தை என்று சொல்லட்டுமா என்று கல்யாணத்தன்று கேட்டேன். "அத்தை எண்டால் எனக்கு விளங்காது தம்பி. மாமி எண்டு சொல்லுங்கோ" என்றுவிட்டார்.

"கோயிலுக்குப் போனீங்களே தம்பி?"

"இல்ல மாமி."

"சாப்பிட்டனீங்களோ?"

"ம்."

"பொய் சொல்லாதேங்கோ. உங்கட குரல் பசிச்ச குரல்."

பிறகு அவரே பேசிக்கொண்டிருந்தார். ஆரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். ஓட்டப் போட்டியும் சனிக்கிழமைதான். "கீழ ஓடுற சட்டை, மேல பாவாடை தாவணி. பின் வழியால போய் தாவணியைக் கழட்டிப் பையில வைச்சிட்டு ஓடியிருக்கிறாள் கள்ளி. ஒருநாள் தமிழ் வாத்தியார் பேப்பரோட வீட்டை வாறார். அம்மா, உங்கட மகளுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னீங்கள், இஞ்ச பாருங்கோ, காய்ச்சலோட முதலாவதா வந்திருக்கிறாள்."

மாமி சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"அடிச்சீங்களா?"

"அடிக்கக் கலைச்சுக்கொண்டு ஓடினனான். பிடிக்க ஏலுமே அவளை?"

போனை வைக்கும் முன், துணிமணிகளை எடுத்துப் போக எப்போது வரலாம் என்று கேட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கின்போதே கேட்டது. இந்த மாதம் வேண்டாம், அவள் ஊரில் இல்லாத நேரத்தில் எடுப்பது சரியில்லை என்று தோன்றியது. வேலை அதிகம் என்று சொன்னேன்.

ஏப்ரல் 20, சனி

இந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன். வீடு அமைதியாக இருந்தது. அவள் முகாமுக்குப் போகும் போதெல்லாம் இப்படித்தான் இருக்கும், படுக்கையின் நடுவில் படுத்துக்கொள்வேன். போர்ச்சுகலில் நல்ல வெயில். காற்று கொஞ்சம் அதிகம்.

நகம் வெட்டினேன். குக்கர் ரப்பர் மாற்றினேன்.

ஏப்ரல் 27, சனி

இன்று திரும்பும் நாள். ஆப்பில் இரவுத் தங்கல் டோர்ட்முண்டுக்கு மாறியது. கடைக்குப் போய்த் தயிர், வாழைப்பழம், அவள் குடிக்கும் அந்தப் புளித்த செர்ரிச் சாறு வாங்கினேன்.

வீடு மறுபடியும் கனமாகிவிட்டது.

மே 2, வியாழன்

ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து பல் தேய்த்து, வாசல் நடையில் செருப்பு வைக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து மணி நன்றாகக் கேட்கும். ஏழானதும் எழுந்து காப்பி போடுகிறேன். இது ஒன்றும் தொந்தரவில்லை. எப்படியும் எழுந்துவிடுகிறேனே.

மே 11, சனி

கிளப்பில் பருவத் தொடக்கப் போட்டி. லேனா இரண்டு முறை அழைத்துவிட்டதால் போனேன். தொடர் ஓட்டத்தில் லேனா இரண்டாம் ஆள், ஆரணி மூன்றாம் ஆள். வளைவில் ஓட ஆரணியைப் போல் ஒருத்தி கிடையாது என்று பயிற்சியாளர் எப்போதும் சொல்வார். இப்போது அந்த இடத்தில் ஒரு புதுப் பெண்.

குச்சியை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. கொடுப்பவள் பின்னாலிருந்து ஒரு சத்தம் கொடுப்பாள், அதைக் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். இங்கே எல்லா அணிகளும் ஒரே மாதிரி 'ஹெப்' என்றுதான் கத்துவார்கள். பக்கத்துப் பாதைக்காரியின் ஹெப்புக்கு ஒருமுறை கையை நீட்டி, குச்சி விழுந்து, மொத்த அணியும் வெளியே போனது. அதன் பிறகு ஆரணி அவர்களுக்கு ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொடுத்தாள். உலகத்தில் வேறு எந்தப் பாதையிலும் கேட்காது என்றாள்.

துப்பாக்கி வெடித்தது. முதல் மாற்றம் தூரத்தில். பிறகு வளைவுக்குள் லேனா வந்தாள், தங்க நிறப் பின்னல் பறக்க, தொண்டை கிழிய,

"இந்தா!"

புதுப் பெண் கையை நீட்டினாள். குச்சி கைமாறியது. நன்றாகவே ஓடினாள். இரண்டாவதாக வந்தார்கள்.

என் முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன் போல.

போட்டி முடிந்து லேனா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். வியர்வையும் தசைத் தைலமும் கலந்த அதே வாசனை. எல்லா ஓட்டக்காரிகளிடமும் வருவதுதான்.

"சொல்லை மாத்தலாமான்னு கோச் கேட்டார். நாங்க மாட்டோம்னுட்டோம். உனக்கு வருத்தமா?"

"இல்ல."

"இந்த மூணு மாசத்துக்கு இருப்பிடம் நிரப்ப மறந்து எனக்கு ஒரு எச்சரிக்கை வந்துடுச்சு. அந்த ஆப்பைப் பார்த்தாலே எரியுது. அவளுக்காவது அந்தத் தொல்லை விட்டுது."

"ஆமா," என்றேன்.

மே 12, ஞாயிறு

எதுவும் செய்யவில்லை.

மே 19, ஞாயிறு

பழைய வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கில் தேதிவாரியாக அடுக்கினேன். ஆரணியின் அப்பா எடுத்தது முதல் நான் எடுத்தது வரை.

பள்ளி விளையாட்டு நாள், மற்ற பிள்ளைகள் பாதி தூரத்தில் இருக்கும்போதே அவள் முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறாள். பதினேழு வயதில் இளையோர் சாம்பியன். அறிவிப்பாளர் குணரட்ணம் என்ற பெயரைத் தப்பாகச் சொல்ல, பதக்க மேடையில் நின்றுகொண்டே அவள் உதட்டை அசைத்துத் திருத்துகிறாள். பிறகு தொடைத் தசை கிழிந்த வருஷம், வீடியோவே இல்லை. பிறகு ஆய்வுக்கூடம். நான் மாஸ்டர்ஸ் படிக்கும்போது ஓட்டக்காரர்கள் காலை ஊன்றிக் கிளம்பும் கட்டைக்குள் விசை உணரிகளை வைத்துக்கொண்டிருந்தேன். அதில் உதைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்தவள் கதவில் என் பெயரைப் படித்துவிட்டு, "நீங்கள் தமிழோ?" என்றாள். "ஆமா" என்றேன். "ஆமாவோ? அப்ப இந்தியா" என்றாள். இடக்காலில் பலம் குறைவாகக் காட்டியது. என் உணரி கோளாறு என்று அவள் கடைசி வரை வாதாடினாள்.

அதற்குப் பிறகு ஐரோப்பியப் போட்டி. நெஞ்சில் கழுகுச் சின்னம் போட்ட வெள்ளைச் சட்டை கிடைத்தது. "உதென்ன கோழி?" என்று மாமி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். மாற்று ஆளாகப் போனாள். போட்டி முடியும்வரை உடம்பைச் சூடேற்றி, சூடேற்றி, உட்கார்ந்திருந்துவிட்டு ஓடாமலே திரும்பினாள். விமான நிலையத்தில் நான் கேமராவோடு நிற்கிறேன். "ஓடாத ஆளை ஏன் படம் எடுக்கிறீங்கள்?" என்கிறாள். ஆனால் சிரிக்கிறாள்.

இந்த ஜூனில் தேசியப் போட்டி. முதன்முதலாக அவளுக்கென்று தனி ஓட்டத்தில் இறுதிச் சுற்று வாய்ப்பு இருந்தது. இருக்கிறது என்று எழுதிவிட்டு அடித்தேன்.

மே 31, வெள்ளி

மாமி இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்துவிட்டார். சொல்லாமல் வந்தது நல்லது, சொல்லியிருந்தால் வேலை என்றிருப்பேன். வரும்போதே கத்திரிக்காய்க் குழம்பும் புட்டும் கொண்டுவந்திருந்தார். நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, "உந்தச் சிவப்புச் சாறு ஆர் குடிக்கிறது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். மூடி பிரிக்காமல் நான்கு போத்தல் இருந்தன. மாமி கதவைச் சாத்தினார்.

அலமாரியைத் திறந்ததும் அவர் மெல்ல வேலையை நிறுத்திவிட்டார். அந்த வெள்ளைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ரெண்டாவது தரம், என்ர வீட்டை படுத்ததாலதானே வந்தது. அண்டைக்கு நான்தான் மழையெண்டு மறிச்சனான். மூண்டாவது வந்தால் என்ர பேர் நாறிப்போம் அம்மா எண்டு பயந்துகொண்டு திரிஞ்சவள். பேர் நாறாமலே போயிட்டாள். அதையாவது நினைச்சு ஆறுவம்" என்றார்.

படுக்கையறையை மாமிக்குக் கொடுத்துவிட்டு சோபாவில் படுக்கிறேன்.

ஜூன் 1, சனி

வழக்கம்போல் எழுந்து குளியலறை விளக்கைப் போட்டுப் பல் தேய்த்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமி தூங்கிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் மணியடித்தது.

நான் வயரிங் செய்த மணி. இவ்வளவு சத்தமாக அடிக்கும் என்று நினைக்கவில்லை.

வாசலில் பிரிங்க்மன் அம்மையார். குட்டை முடி, தோளில் அந்த நீலப்பை, அதில் கண்ணாடிக் குப்பிகள். எங்கள் வீட்டுக்கு முன்பு வந்திருக்கிறார். காசல் ஊர்க்காரர், அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்.

"காலை வணக்கம் பாண்டி. மறுபடியும் நான்தான், திட்டாதீங்க. இஞ்சி டீ உண்டுதானே இந்த வீட்ல?" உள்ளே வந்து காலணியைக் கழற்றினார். எங்கள் வீட்டில் கழற்ற வேண்டும் என்று நினைவு வைத்திருந்தார். "குளிர்காலம் பூரா பனிச்சறுக்கு ஆளுங்க பின்னாடி மலைமலையா அலைஞ்சேன். ஊர்ப்பக்கம் இப்பதான் வர்றேன். ஆரணி எங்கே?"

"குளிச்சிட்டிருக்கா."

அதை நான்தான் சொன்னேன். என் குரல்தான். குளியலறைக் கதவின் கீழ் வெளிச்சம் தெரிந்தது.

"போச்சுடா. குளிக்கும்போது எல்லாரும் உள்ளேயே ஒண்ணுக்குப் போயிடுவாங்க. அப்புறம் நான் லிட்டர் லிட்டரா தண்ணி ஊத்திக் காத்துக்கிடக்கணும்." அவர் கதவின் அருகில் போய் இரண்டு விரலால் தட்டினார். "ஆரணி! நான் பிரிங்க்மன். அவசரப்படாதே, ஆனா அடக்கி வை, சரியா?"

அந்தப் பெயரை ஒரு கதவைப் பார்த்து யாரும் கூப்பிட்டு நெடுநாளாகிவிட்டது. நானும் பதிலுக்குக் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன்.

விதிப்படி அவர் கதவு கண்ணில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன்.

"முகாம் முடிஞ்சு வந்தவங்களைப் பார்க்கச் சொல்லி உத்தரவு. போர்ச்சுகல் எப்படி இருந்துச்சாம்?"

"வெயில் நல்லா இருந்துச்சு. காத்துதான் கொஞ்சம்."

"தொடை?"

"இப்ப பரவாயில்ல."

"நல்லது. இந்த வருஷம் அவ இறுதிச் சுற்று ஓடணும். எனக்குப் பிடிச்சவங்க பேரை நான் சொல்லக்கூடாது, சொல்லிட்டேன்."

படுக்கையறைக் கதவில் மாமி நின்றிருந்தார், இரவுடைமேல் சால்வையோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பிரிங்க்மன் எழுந்து கை கொடுத்தார்.

"நீங்க அம்மாவாத்தான் இருக்கணும். அதே முகம். மகளைக் கொஞ்சம் அவசரப்படுத்துங்களேன். விடியுமுன்னே கிளம்பி நிக்காம வண்டி ஓட்டி வந்திருக்கேன். ஊர்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் வாங்கிட்டுப் போறவ, நானே அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்." அவர் சிரித்தார்.

மாமி என்னைப் பார்த்தார். நீலப்பையைப் பார்த்தார். கதவின் கீழ் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்.

"இவ ஆர் தம்பி?"

"சோதனைக்கு வந்தவங்க மாமி."

"ஆரணியிட்டயோ?"

"ஆமா."

"அவள் இஞ்ச இருக்கிறாள் எண்டு ஆர் இவைக்குச் சொன்னது?"

"நான்தான்."

"எப்ப?"

"தினமும்."

மாமி மெல்ல வந்து செருப்புப் பெஞ்சில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையை மட்டும் பிசைந்துகொண்டிருந்தார்.

"நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் தம்பி. பாங்குக்கு, கோயிலுக்கு, கனடாவில தங்கச்சிக்கு. அந்த லாரிக்காரன்ர மனுசி போன் எடுத்து அழுதவ, அவவுக்கும் நான்தான் ஆறுதல் சொன்னனான். எனக்கு இனி ஏலாது. இவவுக்கு நீங்கள் சொல்லுங்கோ."

"சொன்னா முடிஞ்சிடும் மாமி."

"சொல்லாட்டி? ஏழு மணிக்கு இந்த மனுசி எழும்பி, ஆள் இல்லை எண்டு எழுதிப்போட்டுப் போகப் போறா. அது மூண்டாவது. என்ர பிள்ளையின்ர பேரை மருந்தடிச்ச கள்ளரோட போடுவாங்கள். தலையிடிக்கு ஒரு குளிசை போடாமல் படுத்தவள் தம்பி அவள்."

பிரிங்க்மன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "என்ன சொல்றாங்க?"

ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன், அனுதாப அட்டைகளில் படித்திருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் மாமி சொன்னார். தொழிற்சாலைக்கு லேனா சொன்னாள்.

"ஆரணி குளியலறையில் இல்ல."

"வெளியே போயிருக்காளா?"

"இல்ல. இறந்துட்டா. பிப்ரவரியில. சைக்கிள்ல வரும்போது லாரி. அவ போர்ச்சுகல் போகலை. அந்த ஆப்பை நான்தான் நிரப்பிக்கிட்டிருந்தேன்."

பிரிங்க்மன் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். கிடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். குளியலறைக் கதவைப் பார்த்தார்.

"நான் அந்தக் கதவுகிட்டப் பேசினேனே," என்றார்.

மாமி அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டார்.

பிறகு பிரிங்க்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தார். இரண்டு முறை தப்பாகத் தட்டி அழித்தார். "ஆள் இல்லைன்னு எழுத மாட்டேன். அப்படி எழுதினா அது அவ கணக்கில ஏறும். வீராங்கனை இறந்துவிட்டார், கணவர் நேரில் தெரிவித்தார்னு எழுதறேன். சரியா?"

"சரி."

"பதிவு பத்தி உங்ககிட்ட விசாரிப்பாங்க. நான் மறைக்க முடியாது."

"விசாரிக்கட்டும்."

திரையை என் பக்கம் திருப்பினார். அந்த வரியைப் படித்தேன். கணவர் என்று போட்டிருந்த இடத்துக்குக் கீழே விரலால் கையெழுத்துப் போட்டேன். மாமியும் எட்டிப் பார்த்து வாசித்தார். "பேரைச் சரியா எழுதியிருக்கிறா" என்றார்.

பை மூடியாயிற்று. ஆனால் பிரிங்க்மன் கிளம்பாமல் நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"மன்னிக்கணும். இந்த நேரத்தில கேட்கவே கூடாது. ஆனா இனிமே என்னால முடியாது."

மாமி எழுந்து, குளியலறைக் கதவைத் தானே திறந்து பிடித்து, ஜெர்மனில் "தாராளமாகப் போங்கள்" என்றார். பிரிங்க்மன் உள்ளே போனார். தாழ் விழுந்தது.

நானும் மாமியும் நடையில் நின்றோம். சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம். பிறகு குழாய். ஒரு பெண் கை கழுவி, முகம் கழுவி, மூக்கைச் சிந்தி, மறுபடியும் முகம் கழுவும் சத்தம். கதவின் கீழ் வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல் அசைந்தது.

மாமி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். நேரமாகிறதே, துண்டு வேண்டுமா என்று கேட்க நான் கதவருகே போகப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"அவசரப்படுத்தாதேங்கோ தம்பி," என்றார், கதவைப் பார்த்தபடி. "ஆறுதலா வரட்டும்."